கொக்கியில் ஒன்று, பீரோவில் ஒன்று

எங்கள் வீட்டு லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, கெட்டுப்போனது. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பாயிடம் எடுத்துப் போனேன். புது டிஸ்க் வர ஒரு வாரம் ஆகும் என்றார். அதுவரை சமாளிப்பதற்கு ஒரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அதைச் செருகி லேப்டாப்பை இயக்கினால் எல்லாம் அதிலிருந்தே எழுந்து வரும். பிடுங்கிவிட்டால் லேப்டாப் வெறும் பெட்டி. இப்படி ஓடும் லினக்ஸ் சாதாரணமாக அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். மறுநாள் ஒன்றும் தெரியாததுபோல் எழுந்து வருமாம். அப்படி ஆகாமலிருக்க பென் டிரைவிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, நான் எழுதுவதும் சேமிப்பதும் அங்கே தங்கும்படி செய்து தந்தார்.

"ஒரு வாரம் ஓட்டுங்க சார். டிஸ்க் வந்ததும் போன் பண்றேன்."

டிஸ்க் வந்தது. அவர் போனும் செய்தார். நான் போகவில்லை. எனக்கு இது பிடித்துப்போயிருந்தது. வேலை முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாவிகள் மாட்டும் கொக்கியில் மாட்டிவிடுவேன். மேசையில் இருப்பது யாருடையதும் இல்லாத ஒரு பெட்டி. என்னுடையது எல்லாம் கட்டைவிரல் அளவில் கொக்கியில் தொங்குகிறது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருப்பவனுக்கு, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

வருடங்கள் ஓடின. சார்ஜர் வாங்கவோ வேறு எதற்கோ கடைக்குப் போனால் பாய் விடமாட்டார்.

"இன்னா சார், இன்னும் அதுலயே ஓட்டிகினு கீறீங்களா? ஸ்டெப்னி டயரை மாட்டிகினு திருச்சி வரைக்கும் போற ஆளு சார் நீங்க!"

"திருச்சி தாண்டியாச்சு பாய். மதுரை வரப்போகுது."

ஒரு பயம் மட்டும் இருந்தது. பென் டிரைவ் ஒருநாள் சொல்லாமல் செத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவே அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்று வாங்கி, முதலாவதில் இருந்தது முழுவதையும் அதில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். "அச்சு அசல் அதேதான் சார்" என்று பாய் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் பிரதியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் 'மாற்று' என்று எழுதி ஒட்டி, பீரோவில் வைத்தேன். பென் டிரைவின் மேல் ஒட்டவில்லை. சூட்டில் பசை இளகி லேப்டாப்பின் துளைக்குள் போய்விடும். தவிர, எங்கள் வீட்டில் எப்போதுமே எழுத்து டப்பாவில்தான். மிளகின் மேல் யாரும் மிளகு என்று எழுதுவதில்லை.

இந்தப் பிரதியை எடுத்த கையோடுதான் நான் என் அண்ணனுக்காக எழுதத் தொடங்கினேன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். படப்பையில் இருக்கிறார். கணித ஆசிரியராக இருந்தார். அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது ஒரு விடைத்தாள் கட்டு விஷயத்தில்தான். எல்லாவற்றையும் திருத்திவிட்டேன், கூட்டலும் போட்டுவிட்டேன் என்று தலைமை ஆசிரியர் முன்னால் சத்தியம் செய்தார். கட்டு பிரிக்கப்படாமல் அவர் மேசையிலேயே கிடந்தது. அதன்பிறகு, இல்லை என்று அவர் சொன்ன பொருட்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வைத்தேன் என்று அவர் சொன்ன இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை. டாக்டர், பழைய நிகழ்ச்சிகளைச் சிறுசிறு பக்கங்களாக எழுதி அவருக்கு அடிக்கடி படித்துக் காட்டச் சொல்லியிருந்தார். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் சேர்ந்து வளர்ந்ததை எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மொத்தமாக எழுதி முடித்து, அச்செடுத்துத் தைத்துத் தருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன்.

"எழுதுங்க தம்பி. அப்படியே நீங்களும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இது கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாமாம்" என்றார் அண்ணி. அவர் எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். எனக்கென்ன, எனக்கு ஒன்றும் இல்லை என்று சிரித்தேன்.

முதலில் எழுதிய பக்கம் வாடகை சைக்கிளைப் பற்றியது. ஒரு வாரம் மாலைகளில் உட்கார்ந்து எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தபோது அந்தப் பக்கம் இல்லை.

சேமிக்க மறந்திருப்பேன் என்று முதலில் நினைத்தேன். நான் சேமிக்க மறப்பதில்லை. நாட்குறிப்பைத் திறந்தேன். அதுவும் அந்தப் பென் டிரைவில்தான் இருக்கிறது. ஒருநாள் விடாமல் எழுதுகிறேன்; சனிக்கிழமை காலையோடு லேப்டாப்பை மூடினால் திங்கட்கிழமைதான் திறப்பேன், ஞாயிறுக்கும் சேர்த்து அன்று எழுதிவிடுவேன். போன வாரம் முழுவதும் அதில் இல்லை. ஞாயிறு முதல் சனி வரை ஒரு வரிகூட இல்லை. நான் அந்த வாரம் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். சொற்கள்கூட நினைவிருந்தன. ஆனால் அண்ணனுக்கும் கூட்டல் போட்டது நினைவிருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. சைக்கிள் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். அதோடு வீட்டுக்கு ரேடியோ வந்த கதையையும் எழுதி முடித்தேன்.

அதற்கடுத்த வாரம் திறந்தால் சைக்கிள் இருந்தது, ரேடியோ இல்லை. நாட்குறிப்பில், காணாமல் போயிருந்த அந்த முதல் வாரம் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தது. பதிலுக்கு, இப்போது கழிந்த வாரம் காலி. இல்லை என்று நான் முடிவு கட்டியது, இருந்த இடத்திலேயே இருந்தது. கையில் இருந்த காபியை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் முந்தைய திங்கட்கிழமை நான் பார்த்தபோதும் அது இருந்ததா? கண்ணெதிரே இருந்ததை இல்லை என்று நினைத்தேனா?

இயந்திரத்தைச் சோதிக்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது. புதன்கிழமை ஒரு பக்கம் எழுதிச் சேமித்து, அணைத்து, பென் டிரைவைக் கொக்கியில் மாட்டினேன். வியாழக்கிழமை எடுத்துச் செருகினேன். பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தேன்: 'மாற்று' டப்பாவுக்குள் பென் டிரைவ் பத்திரமாக இருந்தது. பாயிடம் போய், யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன். பென் டிரைவில் எழுதியது ஒரு வாரம் காணாமல் போய், மறுவாரம் திரும்பி வருமா?

"போனா மொத்தமா பூடும் சார். போயிட்டு, லீவு முடிஞ்சு திரும்பி வர்றதுக்கு அது இன்னா கவர்மென்ட் ஆபீசரா?"

ஆக, இயந்திரத்தில் குற்றம் இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் சரியாகப் பிடிபடவில்லை. கல்லூரியில் வேலை பிசகவில்லை. ஒரு பதிவெண்கூட மாறவில்லை. மின்சார ரயிலில் போகும்போது ஸ்டேஷன் பெயர்களைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லிப் பார்த்தேன், வந்தது. குளிக்கும்போது பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன், அதுவும் வந்தது. சரி, ஒன்றும் இல்லை என்று தேறிக்கொண்டு மாலையில் லேப்டாப்பைத் திறப்பேன். எது இருக்கும், எது இருக்காது என்று தெரியாது. அண்ணனும் வாய்ப்பாடு பிசகமாட்டார் என்பது அப்போது நினைவுக்கு வரும். இன்றைக்கும் அவர் இருபத்துமூன்றாம் வாய்ப்பாடு சொல்வார். சாப்பிட்டோமா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை ரேடியோ திரும்பியிருந்தது. புதன்கிழமை எழுதிச் சோதித்த பக்கம் போயிருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மறுநாள் ஆராதனைக்குத் தேய்த்து வைத்த துணிகளோடு மனைவி பீரோ முன்னால் நின்றிருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் நிற்பாள். பள்ளிக்கூட ஆசிரியை, எல்லாவற்றுக்கும் ஒரு நாள் உண்டு. போன ஞாயிறு கட்டிய சேலை அடியில் போகும், அடுத்தது மேலே வரும். அன்று அவள் சேலையை வைத்துவிட்டு, 'மாற்று' டப்பாவைத் திறந்து பென் டிரைவை எடுத்தாள். கொக்கிக்குப் போய், அங்கே தொங்கியதைக் கழற்றி, கையில் இருந்ததை மாட்டினாள். கழற்றியதைத் துப்பட்டா நுனியில் துடைத்து டப்பாவுக்குள் போட்டாள்.

"என்ன பண்றே?"

"பார்த்தா தெரியலயா? மாத்தி வைக்கிறேன்."

"எதை?"

"இதைத்தான். போன வாரம் அது. இந்த வாரம் இது."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுலேர்ந்துதான். ஒண்ணையே போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இன்னொண்ணைச் சும்மா வச்சிருந்தா? அப்புறம் வாங்கினது எதுக்கு?"

எங்கள் வீட்டில் இரண்டாக இருப்பது எதிலும் ஒன்று மட்டும் தேய்ந்ததில்லை. படுக்கை விரிப்பு, டார்ச் லைட், மூக்குக் கண்ணாடி, மிக்ஸி ஜார், எல்லாம் முறை வைத்துத்தான். இதைக் கல்யாணமான புதிதில் அவளுக்குப் பழக்கியவனே நான்தான். செருப்புக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"ரெண்டும் வேற வேற" என்றேன்.

"நீங்கதானே அச்சு அசல் ஒண்ணுன்னு சொன்னீங்க? வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் இல்லயா? எதைப் போட்டாலும் கதவு திறக்குது."

"கதவு திறக்குது. உள்ள இருக்கறது வேற வீடு."

அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கிறேன் என்று ஆரம்பித்து, பிரதி எடுத்த நாள்வரை இரண்டிலும் ஒன்றே இருந்தது, அதன்பிறகு நான் எழுதியது அந்தந்த வாரம் எது மாட்டியிருந்ததோ அதில் மட்டும் போய்ச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், எங்கோ நடுவில், அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் பாத்ரூம்ல வாய்ப்பாடா? நான் என்னமோ ஜெபம் பண்றீங்கன்னுல்ல நினைச்சேன்!" என்றாள். சிரிக்கத் தொடங்கியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இருவருமாகப் பாய் கடைக்குப் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யக்கா, சாரு ரெண்டு வூடு வச்சுகினு இருந்திருக்காரு. ஒரு வாரம் இந்த வூடு, ஒரு வாரம் அந்த வூடு. அனுப்பி வச்சதே நீங்கதான்!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், பல வாரங்களுக்குப் பிறகு மனம்விட்டுச் சிரித்தேன். பாய் இரண்டாவது பென் டிரைவில் இருந்த கோப்புகளை முதலாவதில் ஒரு தனி இடத்தில் போட்டுக் கொடுத்தார். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், அதனால் தனியாக வைத்திருக்கிறேன், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போதாவது டிஸ்க் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்று மாலை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். நாட்குறிப்பில் ஒரு வாரம் இதிலிருந்து, ஒரு வாரம் அதிலிருந்து என்று சேர்க்கச் சேர்க்கப் பல்வரிசைபோல் பொருந்தியது. ஒருநாள்கூட விடுபடவில்லை. என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்கான பக்கங்களையும் அப்படியே அடுக்கினேன். ஒரே பெயரில் இரண்டாக இருந்தது சைக்கிள் மட்டும்தான். ஒன்றை அழிப்பதற்கு முன் இரண்டையும் படித்தேன்.

முதல் வாரம் எழுதியதில், நான் சைக்கிள் ஓட்டுகிறேன். எனக்கு எட்டு வயது. அண்ணன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். ரயில்வே மைதானத்தின் ஓரத்தில் சொல்லாமல் கையை விட்டுவிடுகிறார். நான் தெருக்குழாயில் போய் மோதி முழங்கால் கிழிகிறது. வீட்டில் கேட்டபோது, தானே சைக்கிளைத் தள்ளிவிட்டதாகச் சொல்லி அண்ணன் அடி வாங்குகிறார்.

இரண்டாம் வாரம் எழுதியதில், அண்ணன்தான் ஓட்டுகிறார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கிறேன். அதே குழாய். அண்ணனின் முகவாய் கிழிகிறது. நான் காலை ஆட்டியதால்தான் விழுந்தோம் என்று வீட்டில் சொல்லி அடி வாங்குவது நான்.

இரண்டுமே என் எழுத்து. நடுவில் இருந்தது ஒரு வாரம். இரண்டாவதை எழுதும்போது, போன வாரம் எழுதியதையே திரும்ப எழுதுகிறேன், சொல்லுக்குச் சொல் அதேதான் என்ற உறுதி எனக்கு இருந்தது. அந்த உறுதி நன்றாக நினைவிருக்கிறது.

முழங்காலைப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது. அண்ணன் முகவாயிலும் ஒரு தழும்பு உண்டு. அந்த இடத்தில் தாடி முளைக்காது.

மனைவியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். இம்முறை மறைக்கவில்லை.

"ரெண்டு பேரும்தான் விழுந்திருப்பீங்க" என்றாள்.

"ரெண்டு பேரும் ஓட்டியிருக்க முடியாதே."

"அப்ப ரெண்டு நாள் நடந்திருக்கும்."

"அதே குழாய்லயா?"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி இரண்டையும் தானே படித்தாள். பென் டிரைவ், பீரோ, அவள் கை என்று எதன் மேலும் இதைப் போட முடியாது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அன்று அங்கே இருந்தவர்கள் அண்ணனும் நானும்தான். எது நடந்தது என்று கேட்க உலகத்தில் எனக்கு ஒரே ஒருவர்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு, மனைவியோடு படப்பைக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன் நல்ல தெளிவாக இருந்தார். "வாடா தம்பி, சாப்டியா?" என்றார். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டார். முதல் பக்கத்தைப் படித்தேன். முகம் மலர்ந்து கேட்டார்.

"ஆமாமா. ரொம்பப் பயந்துட்டே நீ. மூணு நாள் நொண்டினே."

எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் நேர்மையாக இருக்கவேண்டும் என்று இரண்டாவதையும் படித்தேன். அதையும் அதே மலர்ச்சியோடு கேட்டார்.

"ஆமாமா. சட்டையெல்லாம் ரத்தம். அம்மா மஞ்சளை அள்ளி அப்பினாங்க."

"அண்ணா, ரெண்டும் நடந்திருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. யாரு ஓட்டினது?"

அவர் யோசித்தார். கரும்பலகை முன்னால் நின்று கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அப்பாவை ஏன்டா எழுதல?" என்றார் அண்ணன்.

"அப்பா அன்னைக்கு டியூட்டிலல்ல இருந்தார்?"

"யாரு சொன்னா? அப்பாதானே சீட்டைப் பிடிச்சிக்கிட்டு ஓடி வந்தாரு. யூனிஃபார்மோட. நாம ரெண்டு பேரும் சைக்கிள் மேல. நீ முன்னாடி பார்த்துக்கிட்டு இருந்தே. பின்னாடி யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பில் விடை தெரியாத பையனைப் பார்க்கும் பார்வை. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அண்ணி எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், "அவர் அப்படித்தான் எதையாவது சேத்துச் சொல்லுவார் தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அண்ணன் அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு அப்பா தெரிந்துவிட்டார். காக்கிக் கால்சட்டை உரசுவது, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம், எனக்குப் பின்னால் மூச்சு வாங்குவது. பார்க்கவில்லை, கேட்டேன். அவ்வளவு பக்கத்தில்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன?"

"அப்பா ஓடி வர்றது தெரியுது."

"முன்னாடியே தெரியுமா? இப்ப அவர் சொன்னதுக்கப்புறம் தெரியுதா?"

சாதாரணக் கேள்வி. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல்தான் கேட்டாள். கல்லூரியில் யாராவது இப்படிக் குழப்பமாக எதையாவது சொன்னால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முன்பே தெரியும் என்று சொல்ல வந்தது. இல்லை, இப்போதுதான் என்று சொல்லவும் வந்தது. இரண்டும் ஒரே உறுதியோடு வந்தன.

"தெரியல" என்றேன்.

 அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, பஸ் முடிச்சூர் வருவதற்குள் அண்ணியிடம் அந்த டாக்டரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் எனக்குக் கல்லூரியில் வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இருந்தும் என் போனை எடுத்து அந்த வாரத்து வேலைப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.